சொட்டுநீர்க் கூட்டத்தில் வந்த சாமி

எனக்குச் சாமி வந்தது இலுப்பூரில், ஒரு கல்யாண மண்டபத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். கையில் மைக் இருந்தது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். சொட்டுநீர்ப் பாசனத்தால் என்னென்ன நன்மை என்று நான் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தக் குழாய்களை விற்கிற திருச்சிக் கம்பெனி ஒன்று அதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்திருந்தது. இன்னும் உறுதி செய்யாத வேலை.

'அனைவருக்கும் வணக்கம்' வரைக்கும் நன்றாகத்தான் போனது. அதற்கடுத்த வரியைக் காணோம். முந்தின நாள் முழுக்க மனப்பாடம் செய்த வரி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நெஞ்சு, தண்ணீர் இல்லாமல் காற்றை மட்டும் இழுக்கிற மோட்டார் மாதிரி அடித்தது. விரல்கள் மரத்துப்போய், கை நடுங்கி, கையோடு மைக்கும் நடுங்கி, என் மூச்சு ஸ்பீக்கர் வழியாகப் புஸ் புஸ்ஸென்று மண்டபம் முழுக்கக் கேட்டது. மேலே பார்த்து, கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தேன். அது வினையாகிவிட்டது.

இரண்டாவது வரிசையில் என் சித்தப்பா இருந்தார். அண்ணன் மகன் மைக்கில் பேசுவதைப் பார்க்கவும், சாப்பாடு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டும் வந்தவர். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"டேய், இங்கிட்டுப் பாருங்கடா! கருப்பரு வந்துட்டாருடா!"

எங்கள் குலசாமி கருப்பர். கொடும்பாளூருக்கு அங்கிட்டு, ஒரு தைலமரக் காட்டு ஓரத்தில், கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிறவர். எங்கள் பங்காளிகளில் ஒருவர் மேல் இறங்கி ஆடுவார், கேட்டதற்கு வாக்குச் சொல்வார். கடைசியாக ஆடிய பெரியவர் காலமான பிறகு யார் மேலும் அவர் இறங்கவில்லை. ஒவ்வொரு படையலுக்கும் உருமி அடித்து அடித்து அடிக்கிறவர்களுக்குத்தான் கை வலித்தது. அடுத்தது யாரோ, எப்பவோ என்று ஒரு வகையறாவே காத்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஆட்கள் முன்னால் போய் நான் நடுங்கினேன்.

அதற்கப்புறம் நடந்ததைத் தடுக்க எனக்கு நாக்கு இல்லை. குத்துவிளக்குப் பக்கத்துத் தட்டில் இருந்த விபூதியைச் சித்தப்பா அள்ளி என் நெற்றியில் அப்பினார். யாரோ சூடம் கொளுத்தினார்கள். பின்வரிசையிலிருந்து பச்சைத் துண்டு போட்ட ஒரு விவசாயி கும்பிட்டபடி ஓடி வந்தார்.

"அய்யா, போர் போட்டுப் போட்டுப் பொகைதான் வருது. எந்த எடத்துல போடுறதுன்னு ஒரு வாக்குச் சொல்லுங்கய்யா."

எனக்குத் தொண்டை காய்ந்து கிடந்தது. என் தண்ணீர் பாட்டில் மேடையின் மூலையில், ஒரு ஸ்டூல் மேல் இருந்தது. அதை எடுத்துத் தரச் சொல்லி அந்தப் பக்கம் கையை நீட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார், திசை பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"ஈசானி மூலை! உத்தரவுங்கய்யா!"

பாட்டிலை யாரும் எடுத்துத் தரவில்லை.

அவர் தன் கடலைக் கொல்லையின் ஈசானி மூலையில் போர் போட்டார். தண்ணீர் வந்துவிட்டது. குழாய்க்கு மேலே தென்னை உயரத்துக்குப் பீய்ச்சியது என்று சித்தப்பா ஊரெல்லாம் சொன்னார். சித்தப்பா எதையும் ஒரு தென்னை உயரம் கூட்டித்தான் சொல்வார். ஆனாலும் தண்ணீர் வந்தது உண்மை.

திருச்சி ஆபீசில் மேனேஜர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"தம்பி, நாம விக்கிறது பைப்பு. நீ குறி சொல்லிட்டு வந்துருக்க."

"சார், அது வந்து..."

"அடுத்த கூட்டம் கீரனூர்ல. அதையும் நீயே பேசு. பேசிட்டேன்னா வேலைய உறுதி பண்ணிரலாம். இல்லேன்னா ஒனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம். பாவம் பார்த்துச் சொன்னார்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதில் பெருமை உண்டு, ஒரு சங்கடமும் உண்டு. எதைச் செய்தாலும் எனக்கு முன்னால் வீட்டில் யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் வயிறு கலங்குமா, இன்டர்வியூவில் உள்ளங்கை வேர்க்குமா, அது எல்லாருக்கும் உள்ளதுதானா என்று கேட்டுக்கொள்ள ஆள் கிடையாது. கேட்க ஆளில்லாததால் எனக்குள்ளேயே ஒருவன் பதில் சொல்லப் பழகிவிட்டான். 'இதெல்லாம் ஒனக்கு வராது' என்பான். 'எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு' என்பான். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து கூடவே வருகிறான். இலுப்பூருக்குப் பிறகு அவனுக்குக் குரல் தடித்துவிட்டது.

புதுக்கோட்டையில் மனநல டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று கல்லூரி நண்பன் சொன்னான். போனேன். தெருவில் இருபக்கமும் பார்த்துவிட்டுத்தான் படியேறினேன். உள்ளே பெஞ்சில் எங்கள் ஊர் டீக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

"என்ன தம்பி, இங்கிட்டு?"

"சளிண்ணே. நீங்க?"

"எனக்கும் சளிதான்."

டாக்டருக்கு ஓர் அக்கா வயதுதான் இருக்கும். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். சாமி கதையில் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார், ஈசானி மூலை வந்ததும் அடக்க முடியவில்லை. நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சங்கதியை நினைத்து நான் முதன்முதலாகச் சிரித்தது அங்கேதான்.

"பாம்பக் கண்டா ஓடுறதுக்கு ஒடம்பு தயாராகும்ல? நெஞ்சு அடிக்கும், மூச்சு வாங்கும். ஒங்க ஒடம்பு மைக்கப் பாம்புன்னு நெனைச்சுருக்கு. அவ்வளவுதான். மூச்ச மெதுவா விட்டா, இது பாம்பு இல்லேன்னு ஒடம்புக்குச் சேதி போகும்."

இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்று செய்துகாட்டினார். கையை இறுக்கி மூடி, பிறகு தளர விடுவது, தோளைக் காதுவரைக்கும் தூக்கிப் பிறகு போடுவது என்று தலையிலிருந்து கால்வரைக்கும் ஒரு வேலை கொடுத்தார். தினமும் கேட்கச் சொல்லிப் போனில் ஓர் ஆடியோவும் அனுப்பினார்.

மொட்டை மாடியில், விடிந்ததும் விடியாததுமாக, சாக்கு விரித்து உட்கார்ந்தேன். ஆடியோவில் ஒரு பெண் குரல், 'இப்போது நீங்கள் ஓர் அமைதியான கடற்கரையில் நிற்கிறீர்கள்' என்றது. நான் கடற்கரைக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரு தடவை போயிருக்கிறேன். புதுச் செருப்பு. ஓர் அலை வந்து ஒன்றைக் கொண்டுபோய்விட்டது. 'அலைகள் மெல்ல உங்கள் பாதங்களைத் தொடுகின்றன' என்று அந்தக் குரல் சொல்லச் சொல்ல, நான் கண்ணை மூடிக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த தடவை போனபோது டாக்டரிடம் சொன்னேன். "அப்ப ஒங்களுக்கு நிம்மதியா இருக்குற எடமாப் பாத்து வச்சுக்குங்க" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். எனக்கு மெய்யாகவே நிம்மதியான இடம் கீரனூர் பஸ் ஸ்டாண்டு. எல்லா நேரமும் இல்லை. நான் ஓடி வந்து, கையை ஆட்டி, பஸ் நிற்காமல் போய்விட்ட பிறகு இருக்கிற பஸ் ஸ்டாண்டு. இனிமேல் ஓட வேண்டாம். அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அடுத்த பஸ் வரும்வரைக்கும் நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கடலைமிட்டாய் வாங்கித் தின்னலாம். தினமும் காலையில் கண்ணை மூடி, பஸ்ஸை விட்டேன். தோள் தானாக இறங்கியது.

உள்ளே பேசுகிறவனுக்கும் ஒரு வழி பிறந்தது. அவனை விரட்ட விரட்ட அவன் கத்துவான். அதனால் அழைக்காமல் வந்த சொந்தக்காரரை நடத்துகிற மாதிரி நடத்தினேன். வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க. அவ்வளவுதான். அவருக்காக ஆடு அடிக்கவும் வேண்டாம், நம் வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்கவும் வேண்டாம். கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு அவராகவே போய்விடுவார். சில நாள் போக மாட்டார். சொந்தக்காரர்கள் அப்படியும் உண்டு.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. மாடிக்கு வடகம் காயப்போட வந்தவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடா பண்றே?"

"மூச்சுப் பயிற்சிம்மா. அந்த நடுக்கம் வராம இருக்கறதுக்கு."

"நடுக்கம் வராம இருக்கறதுக்கா?" கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "ஏண்டா, வந்த சாமிய மூச்ச விட்டு வெரட்டுறியா? எத்தன வருசமாக் காத்துக் கெடந்து வந்தாரு!"

"சாமி இல்லம்மா அது. பயம்."

"ஒனக்கு என்னடா பயம்? நீ படிச்சவன்."

நான் சாக்கைச் சுருட்டினேன்.

அப்பா எதற்குமே அதிகம் பேசாதவர். ஆனால் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டீக்கடையில் ஓரமாக நின்று டீ குடிக்கிற மனுசனை இப்போது பெஞ்சில் இடம்விட்டு உட்காரச் சொன்னார்கள். 'சாமிக்கு அப்பா' என்றார்கள். எப்போதும் தோளில் கிடக்கும் பழைய துண்டுக்குப் பதிலாக வெளுத்த துண்டு போட ஆரம்பித்திருந்தார். நான் பட்டம் வாங்கியபோதுகூட அவர் துண்டை மாற்றவில்லை.

பங்காளிகள் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். வருகிற படையலில் கருப்பர் அரிவாளை என் கையில் கொடுப்பது என்று. வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் அது என் கையில்தான். அதற்கு முன்னால் கீரனூர்க் கூட்டம். அங்கே நான் நடுங்கினால் வேலை போகும், அரிவாள் வரும். நடுங்காவிட்டால் வேலை இருக்கும், அப்பாவின் வெளுத்த துண்டு போகும். அந்த அரிவாளின் மேல் எனக்கு மரியாதை இல்லாமல் இல்லை. மெய்யாகவே கருப்பர் இறங்குகிற ஒருவருக்குச் சேர வேண்டியதை, மைக்கைப் பார்த்துப் பயந்தவன் எப்படி வாங்குவது? என்னை நாளெல்லாம் குத்தியது இதுதான்.

கீரனூர் மண்டபத்தில் அன்றைக்கு நிற்க இடமில்லை. சொட்டுநீர்க் கூட்டத்துக்கு அப்படியொரு கூட்டத்தைக் கம்பெனியே பார்த்ததில்லை. பெண்கள் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்திருந்தார்கள். மேனேஜருக்கு முகமெல்லாம் பல்.

"பாத்தியா தம்பி, நோட்டீஸ் நல்லா வேலை செஞ்சிருக்கு!"

முன்வரிசையில் சித்தப்பா சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சூடம் அதில்தான் இருக்கும். அவருக்குப் பக்கத்தில் பச்சைத் துண்டு விவசாயி. அம்மா பெண்கள் பக்கம். அப்பா கடைசியில், தூணில் சாய்ந்து.

மைக்கை வாங்கினேன். "அனைவருக்கும் வணக்கம்."

அடுத்த வரி போய்விட்டது. அதே வரி.

நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. கை லேசாக ஆடியது. அதை என்னைவிடச் சீக்கிரமாகக் கூட்டம் பார்த்துவிட்டது.

"வருது, வருது!" என்றார் சித்தப்பா. "எல்லாரும் எந்திரிங்க!"

பெண்கள் குலவை போட்டார்கள். ஒரு மண்டபமே நான் நடுங்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போது நடுங்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் யாருக்கும் விளக்க முடியாது. கண்ணை மூடினேன். இன்னும் பெரிய குலவை. உள்ளே ஒருவர் வந்து நின்றார். 'எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு' என்றார். வாங்க, உக்காருங்க என்றேன். மைக்கைப் பிடித்த கையை இறுக்கினேன், தளரவிட்டேன். தோளைப் போட்டேன். மூச்சை விட்டேன், விட்டுக்கொண்டே இருந்தேன். பஸ் போய்விட்டது. புழுதி அடங்குகிறது. இனிமேல் ஓட வேண்டியதில்லை.

கண்ணைத் திறந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது பாட்டுக்கு அடித்தது, நான் பாட்டுக்கு நின்றேன். மனப்பாடம் செய்த வரி வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"எல்லாரும் உக்காருங்க. எனக்குச் சாமி வரலைங்க. இலுப்பூர்லயும் வரலை. அன்னைக்கு எனக்கு வந்தது பயம். கூட்டத்தப் பாத்தா எனக்குக் கையி காலு நடுங்கும். இப்பவும் நடுங்குது. வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கேன்."

குலவை பாதியில் நின்றது. சித்தப்பா தீக்குச்சியை உரசிவிட்டிருந்தார், விரல் சுட்ட பிறகுதான் ஊதி அணைத்தார். மேனேஜர் என்னையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்றும் புரியாமல்.

பச்சைத் துண்டு விவசாயி எழுந்தார். "தம்பி, பயம்னு சொல்றீங்க. அப்ப எனக்கு எப்பிடித் தண்ணி வந்துச்சு?"

மண்டபம் என்னைப் பார்த்தது. நியாயமான கேள்வி.

"எனக்குத் தெரியாதுங்கய்யா. நான் அன்னைக்குக் கையக் காட்டுனது என் தண்ணி பாட்டிலுக்கு."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தார். அதைப் பிடித்துக்கொண்டு மண்டபமே சிரித்தது. விவசாயியும் சிரித்தார், ஆனால் விடவில்லை. "பாட்டிலா இருந்தா என்ன, வந்தது தண்ணிதானே?"

"வந்தது தண்ணிதாங்க. எம்புட்டுச் சிரமத்துல வந்த தண்ணி! அத வாய்க்கால்ல விட்டா பாதிய வெயிலு குடிச்சுரும். செடி காலடியில சொட்டுச் சொட்டா விட்டா..." என்று ஆரம்பித்தவன்தான். அதன் பிறகு நான் நிறுத்தவில்லை. அவருடைய கொல்லையையே எடுத்துக்கொண்டேன். ஈசானி மூலையில் போர், அங்கிருந்து மெயின் பைப் இப்படி, கடலைக்கு லைன் இப்படி என்று கையால் காற்றில் கோடு போட்டேன். கை கொஞ்சம் ஆடியது. கோடு கோணலாக வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் நடுவில் மறித்து, "அங்கிட்டுக் கெணத்து மேடு தம்பி, பைப்பு ஏறாது" என்று திருத்தினார். நானும் அழித்துவிட்டு வேறு கோடு போட்டேன்.

சாப்பாட்டுப் பந்தியில் மேனேஜர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "நாளைக்கு ஆபீசுக்கு வா, ஆர்டர் அடிச்சுரலாம்" என்றார். கொஞ்சம் யோசித்து, "அடுத்த கூட்டத்துக்கும் இவங்களையே வரச் சொல்லு" என்றார்.

கை கழுவுகிற இடத்தில் அம்மா என்னை மடக்கினாள். திட்டுவாள் என்று நின்றேன். அவள் அதற்குள் எல்லாவற்றையும் சரிப்படுத்தி வைத்திருந்தாள்.

"இம்புட்டுச் சனத்துக்கு முன்னால நெசத்தச் சொல்றதுக்கு ஒனக்கு எங்கிட்டிருந்துடா தைரியம் வந்துச்சு? அதுவும் அவரு குடுத்ததுதான். நடுங்க வச்சவரும் அவருதான், நிப்பாட்டுனவரும் அவருதான். அரிவா வாங்க அவரா ஆளப் பாத்துக்குவாரு."

அவளோடு நான் வாதாடவில்லை. இன்றைக்கு வரைக்கும் அதில் எதை மறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பாவைக் காணோம். மண்டபத்துக்குள் போய்ப் பார்த்தேன். எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப சாமி இல்லையா?"

"இல்லப்பா."

தலையை ஆட்டினார். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"பேங்க்ல கையெழுத்துப் போடச் சொன்னா எனக்கும் இப்பிடித்தான். நெஞ்சு அடிச்சுக்கிரும். கையி ஆடும். போட்ட கையெழுத்து சேரலைன்னு கவுண்டர்ல இருக்குற புள்ள திரும்பப் போடச் சொல்லும், இன்னும் ஆடும்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒங்கம்மாட்டக்கூடச் சொன்னதில்ல. படிக்காததுனாலதான் இப்பிடின்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன்."

"படிச்சாலும் வரும்ப்பா."

"அதான் பாத்தேனே" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது எப்பிடி, இழுத்து விடுறதா?"

"இழுக்கறத விட விடுறது நீளமா இருக்கணும். மொதல்ல தோளக் காது வரைக்கும் தூக்குங்க."

தூக்கினார். துண்டு நழுவி விழுந்தது. எடுக்கவில்லை.

"இப்பப் போடுங்க. கண்ண மூடிக்குங்க. நிம்மதியா இருக்குற எடம் ஒண்ண நெனைச்சுக்குங்க."

கண்ணை மூடினார். மூச்சு மட்டும் கேட்டது, மெதுவாக, சற்றே சளி சேர்ந்த மூச்சு. நானும் கண்ணை மூடிக்கொண்டேன். எங்களைச் சுற்றி மண்டபத்துப் பையன்கள் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுகிற சத்தம் நெருங்கி நெருங்கி வந்து, கடைசியில் எங்கள் முன்னாலேயே நின்றது.

"அண்ணே, எந்திரிங்க. நாற்காலியெல்லாம் வண்டியில ஏத்தணும்."

"இருப்பா" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல். "இப்பத்தான் எடம் கெடச்சிருக்கு."